பெயிண்ட் வாளியில் வளர்ந்த கிறிஸ்துமஸ் மரம்

இன்று காலை மாடிக்குப் போய்ப் பார்த்தேன், நுனியில் புதுத் துளிர் விட்டிருக்கிறது. பன்னிரண்டு நாள் வீட்டுக்குள் சீரியல் லைட்டைச் சுமந்துகொண்டு நின்ற சவுக்கு மரம், மறுபடி மாடி ஏறிப் பத்து நாள் ஆகிறது, சாகவில்லை. இதைப் பார்த்த பிறகுதான் எழுதுவது என்று இருந்தேன். ஏனென்றால் போன வருடம் இதே சமயத்தில் "பசுமைக் கிறிஸ்துமஸ்" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் படம் அனுப்பிப் பெருமையடித்த மரம் சித்திரைக்குள் விறகாகிவிட்டது.

எங்கள் வீடு தூத்துக்குடியில், வாடகை வீடு, கீழ்த்தளம், மாடியைப் பயன்படுத்திக்கொள்ள வீட்டுக்காரர் அனுமதி உண்டு. வெயில், உப்புத் தண்ணீர், ஆடிக்காற்று, இந்த மூன்றும் இலவசம். இதே போல் உள்ள ஊர்க்காரர்களுக்குத்தான் இந்தப் பதிவு உதவும். கொடைக்கானலில் இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம்.

கதை 2023 வெள்ளத்தில் தொடங்குகிறது. டிசம்பர் 17, 18, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதே, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு ஜனங்கள் மாட்டிக்கொண்டார்களே, அந்த வெள்ளம். எங்கள் வீட்டுக்குள் இரண்டரை அடி தண்ணீர். கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது 2016இல் 2,800 ரூபாய் கொடுத்து வாங்கிய ஆறடி பிளாஸ்டிக் மரம். தண்ணீர் வடிந்தபோது பெட்டி கூழாகிக் கிடந்தது, இலைகளுக்குள் சாக்கடைச் சேறு ஏறியிருந்தது. குழாய்த் தண்ணீர் பீய்ச்சி இரண்டு முறை கழுவினேன், நாற்றம் போகவில்லை, தண்டுக் குழாயும் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனால் அடியில் உள்ள காலை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கம்பியோடு பிவிசி நார்களை முறுக்கிப் பின்னியிருக்கிறார்கள், அதை யார் உட்கார்ந்து பிரிப்பது? கடைசியில் தெருமுனைக் குவியலில், நனைந்த மெத்தைகளோடு போட்டேன். மாநகராட்சி லாரி வர நான்கைந்து நாள் ஆனது. அதுவரை போகும்போதும் வரும்போதும் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிளாஸ்டிக் மரத்தைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பிரிட்டனில் கார்பன் டிரஸ்ட் என்ற அமைப்பு போட்ட கணக்கு ஒன்று உண்டு: இரண்டு மீட்டர் பிளாஸ்டிக் மரம் ஒன்றுக்கு ஏறக்குறைய 40 கிலோ கரியமில வாயு வெளியேறும் கணக்கு, அதே உயர நிஜ மரத்தைக் கடைசியில் எரித்தாலோ தூளாக்கினாலோ மூன்றரை கிலோ, குப்பைமேட்டில் புதைத்தால் 16 கிலோ. அதாவது பிளாஸ்டிக் மரத்தைப் பத்துப் பன்னிரண்டு வருடம் விடாமல் வைத்திருந்தால்தான் கட்டுப்படியாகும். நாங்கள் ஏழு கிறிஸ்துமஸ் பார்த்தோம், வெள்ளம் வராமல் இருந்திருந்தால் இன்னும் ஏழு பார்த்திருப்போம். உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால், நார் உதிர்ந்து மொட்டையானாலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு "இயற்கை மரம்" வாங்குவது போல் ஒரு கூத்து இல்லை. என்னிடம் தூக்கிப் போட ஒன்றும் மிச்சம் இல்லாததால்தான் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது.

அந்த வருடம் யார் வீட்டிலும் பெரிதாகக் கொண்டாடவில்லை. 2024 டிசம்பரில்தான் மறுபடி மரப் பேச்சு வந்தது.

பைபாஸ் பக்கம் ஒரு நர்சரியில் தொட்டியோடு மூன்றடி உயரத்தில், அடுக்கடுக்காகக் கிளை விரித்து, பார்க்கவே அச்சில் வார்த்தது போல் ஒன்று நின்றது.

"அண்ணாச்சி, இது கிறிஸ்துமஸ் மரம்தானா?"

"இதத்தான எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க தம்பி."

அரவுகேரியா. நார்ஃபோக் தீவு பைன் என்று சொல்லி விற்பார்கள், ஆனால் பைன் குடும்பமே இல்லை, பசிபிக் தீவுகளில் இருந்து வந்த வேறு இனம். ஊட்டியிலும் பெங்களூரிலும் பழைய பங்களா வாசல்களில் கோபுரம் மாதிரி நிற்பது இந்த வகைதான். விலை 1,350, ஆட்டோவுக்கு 150. மொத்தம் 1,500 ரூபாய்க்கு வருடாவருடம் பயன்படும் உயிருள்ள மரம் என்று கணக்குப் போட்டு, அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

அதைக் கொன்ற முறையை வரிசையாகச் சொல்கிறேன், வேறு யாரும் இப்படிக் கொல்ல வேண்டாம்.

முதலில், டிசம்பர் 8இல் இருந்து ஜனவரி முதல் வாரம் முடிய கிட்டத்தட்ட ஒரு மாதம் ஹாலிலேயே வைத்தேன், ஜன்னலில் இருந்து பத்தடி தள்ளி, டிவிக்குப் பக்கத்தில். இரண்டாவது, ஆர்.ஓ. இயந்திரத்தில் இருந்து கழிவாக வரும் தண்ணீரை ஊற்றினேன், வீணாகக் கீழே போகிறதே என்ற நல்ல எண்ணத்தில். ஜனவரி கடைசியில் கீழ் அடுக்கு நுனியில் இருந்து பழுப்பாகத் தொடங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அதே தண்ணீரை இரண்டு மடங்கு ஊற்றினேன். பிப்ரவரியில் இரண்டாவது அடுக்கு. மண்ணின் மேல் வெள்ளையாகப் படலம் பூத்ததைப் பூஞ்சை என்று நினைத்துச் சுரண்டிப் போட்டேன். மார்ச்சில், சரி, வெயில்தான் போதவில்லை போல என்று மாடியில் நேர் வெயிலில் கொண்டுபோய் வைத்தேன். நான்கே நாள், பொரித்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது.

அதற்கப்புறம்தான் தண்ணீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை 280 ரூபாய்க்கு வாங்கினேன். எங்கள் போர் தண்ணீர் 1,900 காட்டியது, ஆர்.ஓ. கழிவு 2,700. அந்த வெள்ளைப் படலம் உப்பு. மீட்டரை முதலில் வாங்கியிருக்க வேண்டும், மரத்தை அப்புறம்.

ஏப்ரலில் பிடுங்கியபோது இன்னொன்றும் தெரிந்தது. தொட்டிக்குள்ளே செடி வளர்த்த கறுப்புப் பாலிதீன் பை அப்படியே இருந்தது. பையைக் கிழிக்காமல் தொட்டியில் இறக்கிச் சுற்றிலும் செம்மண் போட்டு மூடி விற்றிருக்கிறார்கள். வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கயிறு மாதிரி திரிந்து கிடந்தது. ஆகவே கொலையில் எனக்கு முக்கால் பங்குதான். தொட்டிச் செடி வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் ஓரத்தில் விரலை விட்டுத் தோண்டிப் பாருங்கள், பை தட்டுப்படும்.

அந்த அரவுகேரியாவால் இன்னொரு கூத்தும் நடந்தது. மூன்றடி மரத்தைப் பார்த்து அம்மா, "இதென்ன, புதினாச் செடிக்கு நட்சத்திரம் கட்டுன மாதிரி" என்று சொல்லிவிட்டார். மகளுக்கும் மனசு ஆறவில்லை. 23ஆம் தேதி சாயங்காலம் சாலையோரத்தில் விற்ற சவுக்குக் கொப்பு ஒன்றை 200 ரூபாய்க்கு மனைவி வாங்கி வந்தார், ஏழடி. எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் காலங்காலமாக இதுதானே. என் தாத்தா வீட்டிலும் வாளியில் மணல் போட்டு ஊன்றிய சவுக்குக் கொப்புதான் நிற்கும், பஞ்சைப் பிய்த்து ஒட்டிப் பனி என்பார்கள். சவுக்கு ஊசியைக் கணுவில் இழுத்துக் கழற்றி மறுபடி செருகி, எந்தக் கணுவில் பிரித்தேன் சொல் பார்ப்போம் என்று விளையாடாத பிள்ளைகள் எங்கள் ஊரில் இல்லை. ஊசி என்று நாம் சொல்வது உண்மையில் இலை இல்லை, மெல்லிய கிளை, இலை அந்தக் கணுக்களில் பல் மாதிரி ஒட்டியிருக்கிற துணுக்குதான்.

நானும் தாத்தா மாதிரி காய்ந்த மணலில் ஊன்றினேன். 28ஆம் தேதிக்குள் தொட்டால் கொட்டத் தொடங்கிவிட்டது. ஒரு சிறு கிளையை மட்டும் ஒடித்து, அடியை மறுபடி சாய்வாக ஓர் அங்குலம் வெட்டித் தண்ணீர் பாட்டிலில் போட்டு வைத்திருந்தேன், அது ஜனவரி முதல் வாரம் வரை பச்சையாகவே இருந்தது. ஆகவே கொப்பு வாங்குபவர்கள் மணலை விட்டுவிட்டு, அடியைப் புதிதாக அறுத்துத் தண்ணீரில் நிறுத்துங்கள், வாளியில் நான்கைந்து செங்கல்லை முட்டுக் கொடுத்தால் சாயாது. காய்ந்துவிட்டால் பக்கத்தில் மெழுகுவர்த்தி கொண்டுபோகாதீர்கள், காய்ந்த சவுக்கு ஊசி பற்றினால் தீப்பெட்டி தோற்கும்.

வெட்டிய கொப்பில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை என்பதுதான் என் எண்ணம். வெளிநாட்டில் ஊசியிலை மரம் இரண்டு மீட்டர் வளரப் பத்து வருடம் பிடிக்கும். இங்கே விவசாயிகள் சவுக்கை மூன்று, நான்கு வருடத்தில் கம்புக்கும் காகித ஆலைக்கும் வெட்டுகிறார்கள், நுனிக் கொப்பு எப்படியும் விறகுக்குத்தான் போகும். நடுவில் பத்து நாள் நம் வீட்டில் நிற்கிறது, அவ்வளவுதான். எங்கள் கொப்பும் சித்தி வீட்டு வெந்நீர் அடுப்புக்குத்தான் போனது. ஆனாலும் அரவுகேரியா செத்துக்கொண்டிருந்த ஆத்திரம் எனக்குள் இருந்தது. இந்த மண்ணில், இந்த உப்பில், தானாக வளர்கிற மரம் கண்ணெதிரே இருக்கும்போது பசிபிக் தீவில் இருந்து எதற்கு? சவுக்கையே தொட்டியில் வளர்த்தால் என்ன?

அரவுகேரியா கீழ் அடுக்கு போய்க்கொண்டிருந்த பிப்ரவரியிலேயே, ஒரு முன்னெச்சரிக்கையாக, இதைத் தொடங்கிவிட்டேன். நாற்றங்காலில் போய்ச் சவுக்குக் கன்று வேண்டும் என்றதும் "ஏக்கர் எத்தனை?" என்று கேட்டார். ஆறு கன்று என்றேன். ஆறாயிரமா என்றார். இல்லை, ஆறு. ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு 60 ரூபாய் வாங்கிக்கொண்டார். நான்கு குளோன் கன்று (விதையில் இல்லாமல் தாய்மரத்துத் துண்டில் இருந்து வளர்த்தது), இரண்டு நாட்டுச் சவுக்கு. குளோன் என்று அவர் கொடுத்தது ஜுங்குனியானா இனம், நேராக நெட்டுக்குத்தாக ஏறும், வெட்டினால் கட்டையில் இருந்து மறுபடி துளிர்க்கும். நாட்டுச் சவுக்கு அப்படிச் சரியாகத் துளிர்க்காது, கொஞ்சம் தொங்கலாக வளரும்.

பிப்ரவரி 16, ஞாயிறு. கன்றுகளின் உயரம் சுமார் ஓரடி ஓர் அங்குலம். ஐந்து லிட்டர் எண்ணெய் டின்களில் நட்டேன். மண் கலவை: செம்மண் இரண்டு சட்டி, மணல் ஒரு சட்டி, மக்கிய ஆட்டெரு ஒரு சட்டி. இதோடு கடற்கரைப் பக்கம் பழைய சவுக்கு மரத்தடியில் இருந்து ஒரு பை மண் அள்ளி வந்து ஆளுக்கு இரண்டு கைப்பிடி போட்டேன். சித்தி சொன்னார், காரணம் சொல்லவில்லை, "தாய் மண் போட்டாத்தான் பிடிக்கும்" என்றார். அந்தக் காரணம் மே மாதம் தெரிந்தது.

அதற்கு முன்னால் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மரம் பெரிதாகும், பெரிய தொட்டி வேண்டும் என்று 200 லிட்டர் நீல டிரம்மில் பாதியை 450 ரூபாய்க்கு அறுத்து வாங்கினேன். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அடியில் பன்னிரண்டு ஓட்டை போட்டு, மாடியில் வைத்து மண் நிரப்பத் தொடங்கினேன். கால்வாசி நிரம்பியதும் நகர்த்திப் பார்த்தேன், நகரவில்லை. அப்போதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நூறு லிட்டர் ஈர மண் நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாது. கிறிஸ்துமஸுக்கு அதை மாடிப்படி வழியாக ஹாலுக்கு இறக்குவது யார்? மரம் எவ்வளவு பெரிதாகும் என்று யோசித்தேனே தவிர, அதைத் தூக்கப் போகும் ஆள் எவ்வளவு பெரியவன் என்று யோசிக்கவில்லை.

மண்ணை மறுபடி வாரி எடுத்துவிட்டு, பெயிண்டரிடம் காலி 20 லிட்டர் வாளிகளை எண்பது ரூபாய்க்கு வாங்கினேன். இந்த வாளிதான் சரியான அளவு. கைப்பிடி இருக்கிறது, கெட்டியான பிளாஸ்டிக், வெயிலில் சீக்கிரம் வெடிக்காது. ஓட்டைகளை அடித்தட்டில் போடாமல் பக்கச் சுவரில், அடியில் இருந்து அரை அங்குலம் மேலே, பத்து மி.மீ. டிரில் பிட் வைத்துச் சுற்றிலும் எட்டுப் போட்டேன். அடித்தட்டில் போட்டால் தளத்தோடு ஒட்டி அடைத்துக்கொள்கிறது. உள்ளே ஓட்டுச் சில்லு இரண்டு அங்குலம், அதன்மேல் தேங்காய் நார், அதன்மேல் கலவை.

மே 18, வாளிக்கு மாற்றிய நாள், உயரம் 2 அடி 3 அங்குலம். டின்னை வெட்டி மண்கட்டியை வெளியே எடுத்தால் வேரில் ஆங்காங்கே பழுப்பு நிறத்தில், பவளப் பூச்சி கட்டினது மாதிரி கொத்துக் கொத்தாக முடிச்சு. தக்காளிச் செடியில் நூற்புழு வந்தால் வேர் முடிச்சு முடிச்சாகுமே, அதுதான் என்று முடிவு கட்டி ஒரு கன்றின் முடிச்சுகளை எல்லாம் கத்தரியால் வெட்டிப் போட்டுவிட்டேன். இரண்டாவது கன்றில் கை வைக்கும்முன் ஏதோ தோன்றி, தோட்டக்கலைத் துறையில் வேலை பார்க்கும் நண்பனுக்குப் படம் அனுப்பினேன். உடனே போன் வந்தது. "லேய், வெட்டிராத. அதுதாம்ல அதுக்குச் சோறு." ஃபிராங்கியா என்ற பாக்டீரியா கட்டும் வீடு அது. காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கும். அந்தப் பாக்டீரியா பழைய சவுக்கடி மண்ணில் இருந்துதான் வந்திருக்கும், சித்தியின் தாய் மண். அதற்கப்புறம் யூரியா பக்கமே போகவில்லை. முடிச்சு வெட்டிய கன்று ஜூலைக்குள் போய்விட்டது.

தண்ணீர் விஷயத்தில் இந்த முறை மீட்டரோடுதான் நடமாட்டம். ஏசியில் சொட்டும் தண்ணீர் வெறும் 30 காட்டியது. கோடையில் ஒரு ராத்திரிக்கு எட்டு லிட்டர் வரை கிடைக்கும். அதில் பாதி, போர் தண்ணீர் பாதி கலந்து ஊற்றினேன். அரவுகேரியாவைக் கொன்ற ஊர்த் தண்ணீரைச் சவுக்கு ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

உருவம் கொண்டுவருவதுதான் நிஜமான வேலை. சவுக்கை அப்படியே விட்டால் ஒல்லியாக ஒட்டடைக்கம்பு மாதிரி ஏறும். ஜூன் 8, இரண்டரை அடி இருக்கும்போது, நுனியைக் கிள்ளினால் புதராக அடர்த்தியாகும் என்று செம்பருத்திக்குச் செய்வது போல நடுக்குருத்தை நான்கு அங்குலம் வெட்டிவிட்டேன். இரண்டு மரத்திலும். மூன்று வாரத்தில் இரண்டிலும் நடுக்குருத்துக்குப் பதிலாக இரண்டிரண்டு குருத்து எழும்பி, கவண் கட்டைக்கு ஆகும்போல் கவட்டையாகி நின்றன. கிறிஸ்துமஸ் மரத்துக்கு உச்சி ஒன்றுதான், நட்சத்திரம் எங்கே கட்டுவது? ஒன்றில் பலவீனமான குருத்தை அடியோடு வெட்டிவிட்டு, மற்றதை மூங்கில் சிம்போடு பழைய வேட்டிக் கிழிசலால் தளர்வாகக் கட்டி நிமிர்த்தினேன். ஆறு வாரம் கட்டோடு விட்டு அவிழ்த்தபோது நேராகிவிட்டது. இன்னும் உற்றுப் பார்த்தால் அந்த இடத்தில் சின்னக் கோணல் தெரியும். இன்னொரு மரத்தில் தாமதித்துவிட்டேன், அது கவட்டையாகவே இருக்கிறது.

அடர்த்திக்குச் செய்ய வேண்டியது பக்கக் கிளைகளின் நுனியில். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, பக்கக் கிளைகளின் நுனியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுவேன், கீழே நீளம், மேலே போகப் போகக் குட்டை, கூம்பு வடிவம் கண்ணில் படும்படி. பெரிய கத்தரி தேவையில்லை, தையல் கத்தரியே போதும். அக்டோபர் 12உடன் வெட்டுவதை நிறுத்தினேன். கடைசியாக வெட்டிய நுனிகள் மொட்டையாகத் தெரியாமல் மூடிக்கொள்ள இரண்டு மாதமாவது வேண்டும்.

ஆடி மாதம் காற்று பற்றித் தனியாகவே எழுதலாம். மேற்கே இருந்து வரும் காற்று வாளியை இரண்டு தடவை உருட்டியது. இரண்டாவது தடவை ஒரு நல்ல மரம் நடுவில் முறிந்தது. அன்றைக்குத்தான் வாளிகளைக் கைப்பிடிச் சுவர்க் குழாயோடு கயிற்றுச் சுருக்குப் போட்டுக் கட்டினேன். வாசலில் வைத்திருந்த நாட்டுச் சவுக்கு இரண்டையும் பக்கத்துத் தெரு ஆடு ஒன்று ஒரே மதியத்தில் முடித்துவிட்டிருந்தது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆறில் இரண்டு ஆட்டுக்கு, ஒன்று காற்றுக்கு, ஒன்று என் கத்தரிக்கு, ஒன்று கவட்டை. மிச்சம் ஒன்று.

அந்த ஒன்றின் கணக்கு: ஆகஸ்ட் 3, 3 அடி 1 அங்குலம். செப்டம்பர் 14, 3 அடி 10. அக்டோபர் 12, 4 அடி 5. டிசம்பர் 20, 5 அடி 3 அங்குலம். வாளியின் உயரத்தையும் சேர்த்தால் என் தலைக்கு மேல் போகிறது.

அலங்காரத்தில் எதிர்பாராத சிக்கல். சவுக்குக் கிளை எடை தாங்காது. சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தேன். வெள்ளத்தில் தப்பிய பழைய பீங்கான் மணி 60 கிராம், மாட்டியதும் கிளை மடங்கி அடுத்த கிளையில் உட்கார்ந்தது. 15 கிராமுக்குள் இருந்தால்தான் நிற்கிறது. பழைய சீரியல் செட்டும் கனம், குண்டுப் பல்பு சூடாகவும் செய்யும், அதை ஒதுக்கிவிட்டு 160 ரூபாய்க்கு மெல்லிய செம்புக் கம்பி எல்.இ.டி. லைட் பத்து மீட்டர் வாங்கினேன், போன் சார்ஜரிலேயே எரியும்.

தொங்கவிடப் பனை ஓலை. சித்தி சாத்தான்குளம் பக்கம், ஓலைக்குப் பஞ்சமில்லை. குருத்தோலை ஒரு கட்டு அனுப்பினார். நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, ஈர்க்கை உருவி, அரை அங்குல நறுக்காகக் கிழித்து, மடிக்கும்முன் இருபது நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டால் ஒடியாது. குருத்தோலை ஞாயிறுக்குச் சின்ன வயதில் சிலுவையும் கிளியும் மடித்த கை, கொஞ்சம் தடுமாறி நினைவுக்கு வந்தது. என் கிளிகள் எல்லாம் காக்கை மாதிரி வந்தன, மகளின் நட்சத்திரங்கள் அருமை. ஒரு நட்சத்திரம் மூன்று கிராம். 34 நட்சத்திரம், 11 கிளி. சிவப்பு வேண்டும் என்று பீட்ரூட் சாற்றில் கொதிக்கவைத்தோம், நான்காம் நாள் வெளிறி அழுக்கு ரோஜா நிறத்துக்கு வந்தது. மஞ்சள்தூள் பிடித்தது, ஆனால் ஓலையே மஞ்சள்தானே. அடுத்த வருடம் சாயமே வேண்டாம், ஓலை நிறம்தான் பச்சைக்கு நடுவில் நன்றாக எடுப்பாகத் தெரிந்தது. வாளியில் பெயிண்ட் கம்பெனி பெயர் தெரியாமல் இருக்க, 200 ரூபாய்க்கு ஒரு கடகப் பெட்டி வாங்கி வாளியை அதற்குள் இறக்கினோம்.

வீட்டுக்குள் கொண்டுவருவதில் அரவுகேரியா கற்றுக்கொடுத்த பாடம் எல்லாம் பயன்பட்டது. டிசம்பர் 13இல் இருந்து ஒரு வாரம் மாடிப்படி நிழல். இறக்குவதற்கு முந்தின நாள் தண்ணீர் ஊற்றவில்லை. நன்றாக நனைந்த நாளில் 31 கிலோ இருந்த வாளி 26 ஆக இறங்கியது, மைத்துனர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், முதுகு தப்பித்தது. கிழக்கு ஜன்னலை ஒட்டியே வைத்தேன். இரண்டு நாளுக்கு ஒரு தடவை 400 மில்லி, உப்பில்லாத தண்ணீர் மட்டும். ஜன்னல் பக்கமே சாய்கிறது என்று மூன்றாம் நாள் மகள்தான் கவனித்தாள். அதற்கப்புறம் தினமும் காலையில் கால் வட்டம் திருப்பிவைத்தோம். கேரல் ரவுண்ட்ஸ் வந்த பையன்களில் ஒருவன் "அங்கிள், இது ஒரிஜினலா?" என்று கேட்டு ஒரு ஊசியை இழுத்துக் கழற்றிப் பார்த்தான். கணுவில்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ராஜாக்கள் திருநாள், ஜனவரி 6 வரை மரத்தை வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இந்த முறை புத்தாண்டு ஆராதனை முடிந்து வந்ததும் அலங்காரத்தைப் பிரித்துவிட்டேன், அம்மாவுக்கு இன்னும் கோபம். பன்னிரண்டு நாளில் கீழே உதிர்ந்ததைக் கூட்டி நிறுத்தேன், 90 கிராம், உள்பக்கத்துப் பழைய ஊசிகள். மறுபடி ஒரு வாரம் நிழல், அப்புறம்தான் வெயில்.

செலவைக் கூட்டினால் சிரிப்பு வருகிறது. கன்று 60, டிரம் 450, வாளி 80, மண்ணும் எருவும் 120, மூங்கில் 30, மீட்டர் 280, கடகம் 200, லைட் 160. மொத்தம் 1,380. ஆட்டோ கூலியைத் தள்ளினால் செத்துப்போன அரவுகேரியாவை விட 30 ரூபாய் அதிகம். டிரம்மையும் மீட்டரையும் கழித்தால் 650, இனி வரும் வருடங்களுக்கு எரு மட்டும்தான்.

அடுத்த முறை நடுக்குருத்தில் கை வைக்கமாட்டேன். ஆனி பிறக்கும்முன்பே வாளியைக் கட்டிவிடுவேன். மாடியிலும் வாரம் ஒரு தடவை திருப்பிவைப்பேன், தெற்குப் பக்கம் அடர்ந்து வடக்குப் பக்கம் மெலிந்து போனதற்கு நான் திருப்பாததுதான் காரணம். பிப்ரவரியில் வாளியில் இருந்து எடுத்து வேர்க்கட்டியைச் சுற்றி ஓர் அங்குலம் சீவி, புது மண் போட்டு, முடிச்சுகளைத் தொடாமல், மறுபடி வைக்கப்போகிறேன். இப்படி இன்னும் இரண்டு கிறிஸ்துமஸ் ஓட்டலாம் என்று நம்பிக்கை. அதற்குமேல் தாங்காது, சித்தி தோட்டத்து மேற்கு வேலியில் காற்றுத் தடுப்பாக நட்டுவிடலாம், அங்கே ஏற்கெனவே இடம் பேசிவிட்டார். கடற்கரையில் கொண்டுபோய் நடலாமே என்று இரண்டு பேர் சொன்னார்கள். 2004 சுனாமிக்கு அப்புறம் அப்படி நிறைய நட்டார்கள்தான், ஆனால் ஆமை ஏறி முட்டையிடும் மணலில் சவுக்கு அடர்ந்தால் அதற்குத்தான் கஷ்டம், அதுவும் இல்லாமல் சவுக்கு உதிர்த்த மெத்தையில் வேறு ஒன்றும் முளைக்காது. வேலிதான் சரி.

கவட்டை மரமும் மாடியில்தான் இருக்கிறது, நாலரை அடி. மகள் அதை விடுவதாக இல்லை, இரண்டு உச்சி இருப்பதால் இரண்டு நட்சத்திரம் கட்டலாம் என்கிறாள். 450 ரூபாய் டிரம்மில் மனைவி கறிவேப்பிலை வைத்திருக்கிறார், நன்றாக வருகிறது.